குப்பைக் கிடங்கில் வேலை, நெஞ்சில் சளி: சில கேள்விகள்

சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக், இரும்பு பொறுக்குகிறேன். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வேன். போதாதா?

போதாது. கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துண்டு ஓரளவு தடுக்கும், ஆனால் நுரையீரலின் அடிவரை இறங்குவது 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், அதற்கு உங்கள் துண்டெல்லாம் ஒரு தடையே இல்லை, பக்கவாட்டு இடுக்கில் சுலபமாக உள்ளே போய்விடும். என்95 மாஸ்க் வாங்குங்கள். இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குக் கம்பியை அழுத்திவிட வேண்டும், தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது. துவைத்துப் போடாதீர்கள், கெட்டுப்போகும்.

பழைய குப்பையைக் கிளறிச் சலித்த அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல், உடம்புவலி. ஓரிரு நாளில் தானாகச் சரியாகிறது. மலேரியாவா?

இருக்கலாம், ரத்தம் பார்த்துவிடுங்கள். ஆனால் கிளறுகிற நாளில் மட்டும், அதுவும் வேலை தொடங்கி நாலு முதல் எட்டு மணி நேரத்தில் வருகிறது என்றால் எனக்குத் தூசி மேல்தான் சந்தேகம். மக்கிய குப்பையில் பூஞ்சை வித்துகளும் செத்த பாக்டீரியாவின் நச்சும் ஏராளம், மொத்தமாக மூச்சில் போனால் இப்படிக் காய்ச்சல் அடிக்கும். இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், பாதிப் பேர் சொல்வதே இல்லை.

அழுகின முட்டை நாற்றம் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போகிறது. பழகிவிட்டதா?

ஹைட்ரஜன் சல்பைடு அது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், ஆகவே நாற்றம் நின்றது நல்ல சேதி இல்லை. திறந்த மேட்டில் காற்று கலைத்துவிடும். கழிவுநீர்க் குழியில் ஆளையே கொல்லும். அங்கே இறங்கவே இறங்காதீர்கள். என்95 வாயுவைத் தடுக்காது.

கிடங்கு எரியும்போது வேலைக்குப் போகலாமா?

வேண்டாம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது. பிளாஸ்டிக் புகை, ஆஸ்துமாக்காரர்கள் பக்கத்துத் தெருவில்கூட நிற்கக்கூடாது.

மூன்று வாரமாக இருமல். பீடியை விட்டால் போகுமா?

பீடியை விடுங்கள், அது வேறு கணக்கு. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம், அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் இல்லை என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் கேளுங்கள். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அதில்தான் தெரியும்.

கான்ட்ராக்டர் மாஸ்க் தருவதில்லை. கேட்கலாமா?

தாராளமாக. திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 2016-லேயே சீருடை, கையுறை, காலணி, மாஸ்க் எல்லாம் தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து.