ஆறு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, இப்போது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் வேலையிடத்து ரசாயனமும் ஒவ்வாமையும் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். இப்போது ரசாயனச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை.

ஈப்போ பக்கம் கையுறை பேக்டரியில் ஆறு வருஷமாக இருக்கிறேன். மூன்று மாதமாகக் கை அரிப்பு, மணிக்கட்டில் கோடு போட்டதுபோல் சிவப்பு. கையுறைதான் காரணம் என்றால் முதல் நாளே வந்திருக்கும் என்கிறார் சூப்பர்வைசர். உண்மையா தம்பி?

இல்லை அக்கா. ஆசிட் பட்டால் அன்றைக்கே எரியும். ஒவ்வாமை அப்படி வராது. உடம்பு முதலில் அந்தப் பொருளை அடையாளம் பதித்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு அதற்குச் சில வாரம் போதும், சிலருக்குப் பல வருஷம் ஆகும். பதிந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பு கிளம்பும், அந்தப் பதிவு பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. ரப்பரை இறுக வைக்கச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் வகைகள் இதில் பேர்போனவை. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையிலும் இவை இருக்கலாம்.

கையுறை முடியும் இடத்தில் கோடு விழுகிறது என்றால் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாளில் பிரித்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். மெதுவாக எழும்பும் தடிப்பு அந்த மறுபார்வையில்தான் தெரியும், அதற்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதுவரை முதுகு நனையவோ வியர்க்கவோ கூடாது. நம் வெயிலில் அது சிரமம், லீவு போட்டுவிடுங்கள். நீங்கள் போடும் கையுறையில் ஒரு ஜோடியும் கொண்டுபோங்கள்.

பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறேன். ஒரு ரசாயனம் ஒவ்வாமை தருமா என்பதை மனிதர் மேல் படுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? விலங்குகளை வைத்துத்தானா?

நெடுங்காலம் கினிப்பன்றிகள்தான். பிறகு சுண்டெலி முறை வந்தது. பல நாடுகள் சேர்ந்து சோதனை வழிகாட்டிகளை வகுக்கும் ஓஇசிடி அமைப்பு 2002இல் அதை ஏற்றது. எலியின் காதில் மூன்று நாள் தடவி, பக்கத்து நிணநீர் முடிச்சில் அணுக்கள் எத்தனை மடங்கு பெருகின என்று அளப்பார்கள். 3 மடங்கைத் தொட்டால் ஒவ்வாமைப் பொருள். எவ்வளவு குறைந்த செறிவில் அந்த 3 மடங்கு வருகிறதோ அவ்வளவு வீரியம்.

எனக்குப் பிடித்தது விலங்கில்லாத முறை. சிறிய மூலக்கூறு தனியாக வந்தால் நம் எதிர்ப்புச் சக்தி கண்டுகொள்ளாது. தோலின் புரதத்தோடு ஒட்டினால்தான் கண்ணில் படும். அதனால் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கொண்ட பெப்டைடோடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு போன்ற ஒன்றோடு, ரசாயனத்தைக் கலந்து 24 மணி நேரம் வைக்கிறோம். முதலில் கருவியின் திரையில் உயரமாக நின்ற, பெப்டைடின் அளவைக் காட்டும் கூம்பு மறுநாள் குட்டையாகிக் கிடக்கும். குறைந்தது அத்தனையும் ரசாயனம் பிடித்துக்கொண்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் யாரோ ஒருவரின் கைதான் ஞாபகம் வரும். இந்த முறைக்கும், தோல் அணுக்களை ஒளிர வைத்துப் பார்க்கும் முறைக்கும் 2015இல் வழிகாட்டி வந்தது. ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்து முடிவெடுக்கும் விதிகள் 2021இல் வந்தன. காற்றிலோ தோலிலோ மாறிய பிறகே ஒட்டும் பொருள்கள் இதில் நழுவிவிடலாம் என்பதை நினைவில் வை தம்பி.

தோட்டத்தில் மருந்து அடிக்கிறேன். ஸ்டோரில் உள்ள மருந்தின் பாதுகாப்புத் தாளில் ஒவ்வாமைக்கு நேராகத் ‘தகவல் இல்லை’ என்று இருக்கிறது. அப்படியென்றால் பயமில்லைதானே? கொஞ்சம் கையில் தேய்த்துப் பார்த்துவிடட்டுமா?

அண்ணே, தேய்க்கவே தேய்க்காதீர்கள். தேய்ப்பதே உடம்புக்கு அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும்.

‘சோதித்தோம், இல்லை’ என்பது ஒன்று. ‘தகவல் இல்லை’ என்றால் யாரும் சோதிக்கவில்லை அல்லது முடிவு கையில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் உடம்பில் வாங்கிக்கொள்வது நீங்கள். அந்தப் பாதுகாப்புத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். 2ஆம் பகுதியில் எச்317 (H317) என்ற குறியீடு இருந்தால் தோல் ஒவ்வாமை, எச்334 (H334) இருந்தால் மூச்சு ஒவ்வாமை. 11ஆம் பகுதியில் எந்தச் சோதனை, என்ன முடிவு என்று பாருங்கள். மருந்து மட்டுமில்லை, அது கெடாமலிருக்கச் சேர்த்த ஐசோதையசோலினோன் வகையும் அரிப்பைக் கொண்டுவரும். தாளைத் தொழிலாளி பார்க்கும்படி வைப்பது முதலாளியின் கடமை, 2000ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. தாராளமாகக் கேளுங்கள். ‘தகவல் இல்லை’ என்றால், ஒவ்வாமை தரும் என்றே வைத்துக்கொண்டு கையுறையும் நீளக்கை சட்டையும் போடுங்கள்.

அரிப்புக்கு மஞ்சள் பூசலாமா?

வேண்டாம் அம்மா. மஞ்சளுக்கே ஒவ்வாமை வருபவர்கள் உண்டு.

கார் பட்டறையில் ஸ்ப்ரே பெயின்ட் வேலை. ராத்திரி இருமலும் இழுப்பும். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறேன். தூசிதான் என்கிறார்கள்.

தம்பி, இது அவசரம். இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் பெயின்டில் ஹார்டனர் டின்னில் ஐசோசயனேட் இருக்கும். ஆஸ்துமாவைக் கொண்டுவருவதில் பழைய பேர் அதற்கு. வேலை முடிந்து சில மணி நேரம் கழித்தும் இழுப்பு வரலாம், அதனால்தான் ராத்திரி. தோலுக்கு இருப்பதுபோல், மூச்சு ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்ல ஒப்புக்கொள்ளப்பட்ட சோதனை இன்னும் இல்லை. தொழிலாளிகளுக்கு வந்த பிறகுதான் பல பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணத் தூசி மாஸ்க் அந்த ஆவியை நிறுத்தாது. டாக்டரைப் பார்க்கும்வரை ஸ்ப்ரே பக்கம் போகாதே. இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுது: எந்த நாள் அடித்தாய், எத்தனை மணிக்கு இழுத்தது, லீவு நாளில் எப்படி இருந்தது. டின்னின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொள். டாக்டருக்கும், தொழில் நோய் என்று உறுதியானால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் மனு போடவும் அது வேண்டும்.