ஆங்கிலத்தில் பை (by), டில் (till): எதை எங்கே போடுவது?

வணக்கம். 'ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் டில் ஃப்ரைடே' என்று எழுதியதும் மேலாளர் குழம்பிவிட்டார் என்கிறீர்கள். அங்கே வர வேண்டியது 'பை ஃப்ரைடே'. இதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்' என்றுதானே சொல்வீர்கள்? 'குள்' வந்தால் பை, 'வரை' வந்தால் டில். ஒரு தடவை செய்து முடிக்கிற வேலைக்குக் கெடு சொல்ல பை. 'கடை 9 மணி வரை திறந்திருக்கும்' என்பதுபோல் தொடர்ந்து நடப்பதற்கு டில்.

அப்புறம், விடுப்புக் கடிதத்தில் கவனம். 'ஆன் லீவ் டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளியன்று வருவீர்களா, மாட்டீர்களா? நம் 'வரை'யிலும் இதே சிக்கல்தான். அதனால் நான் எப்போதும் 'பேக் ஆன் மண்டே' என்று சேர்த்துவிடுவேன்.