காத்துப் பக்கமே மூக்கு திரும்புது, கயாக் கோளாறா?

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்டுல 17 அடி கடல் கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) ஒண்ணு வாங்கினேனுங்க. நம்மூர் ஏரியில கோடு போட்டாப்ல நேரா போச்சு. மண்டபம் கடல்ல பக்கவாட்டுக் காத்து அடிச்சா மூக்கு காத்துப் பக்கமே திரும்பிக்குது, கை ஓய்ஞ்சு போச்சு. வித்தவரு எனக்கு ஓட்டத் தெரியலைங்கிறாரு. குடுத்துட்டு அகலமா 10 அடி நீளத்துல ஒண்ணு வாங்கிக்கட்டுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசரப்பட்டு குடுத்துறாதீங்க தம்பி. அது கோளாறும் இல்ல, உங்க தப்பும் இல்ல.

நானு பவானிக்காரன், பரிசல் பாத்தே வளந்தவன். பரிசலுக்கு மூக்கும் கெடையாது வாலும் கெடையாது, ஒரே பக்கமா துடுப்பு போட்டா நின்ன எடத்துலயே கிறுகிறுன்னு சுத்தும், அதுக்கோசரந்தான் பரிசல்காரரு முன்னால குனிஞ்சு தண்ணிய தன் பக்கமா இழுத்து இழுத்து போவாரு. உங்க கயாக் அதுக்கு நேர் எதிர், நீளமா ஒடுக்கமா இருக்கறதால நேரா ஓடும், திருப்பறது செரமம். தரையில வெச்சு பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க, அடிப்பாகம் வாழைப்பழமாட்ட ரெண்டு முனையும் தூக்கியிருந்தா சுளுவா திரும்பும், ஆனா நேரா போகாம அலைபாயும். அடி நேர்கோடா இருந்தா தடம் மாறாது.

அப்ப கடல்ல ஏன் திரும்புதுன்னா, ஓடுறப்ப மூக்கு புதுத்தண்ணியக் கிழிச்சுட்டுப் போகுது, ரெண்டு பக்கமும் தண்ணி அழுத்தி அதைப் புடிச்சுக்குது, வாலு ஏற்கனவே கலங்குன தண்ணியில வர்றதால புடிமானம் கம்மி, காத்து வாலைத்தான் தள்ளும், வாலு அந்தப்பக்கம் போனா மூக்கு காத்தைப் பாத்து திரும்பித்தானே ஆகணும்?

அதுக்குத்தான் ஸ்கெக்னு ஒரு தகடு. வாலுக்கு அடியில நீளமா ஒரு பொளவு இருக்குதான்னு பாருங்க, இருந்தா தகடு உள்ளதான் இருக்கும். கொஞ்சங்கொஞ்சமா எறக்குங்க, முழுசா எறக்குனா மூக்கு காத்து போற பக்கம் விலக ஆரம்பிச்சுரும், நேரா போற எடத்துல நிறுத்திக்கங்க. ஸ்கெக் இல்லீன்னா தண்ணிக் கேனு, சாமான் செட்டை பின்னால ஏத்துங்க. காத்து வர்ற பக்கமா இடுப்பைச் சாச்சு கயாக்க லேசா ஒருக்களிச்சு ஓட்டுனாலும் மூக்கு காத்து போற பக்கமா திரும்பும், இது பழகறதுக்கு நாளாகும், கரையோரமா லைஃப் ஜாக்கெட் போட்டு, கூட ஒருத்தரை வெச்சுட்டு பழகுங்க.

அந்த 10 அடி வேண்டாமுங்க. அதோட தட்டையான அடிப்பாகம் ஏரியில கட்டில்ல உக்காந்தாப்ல கெட்டியா இருக்கும், ஆனா பக்கவாட்டுல அலை வந்தா அலையோட சரிவுலயே அதுவும் சாயும். உங்க ஒடுக்கமான கயாக் ஏறுனதும் ஆடும், அதைப் பாத்து பயந்துறாதீங்க, சாய்ஞ்சதுக்கப்புறம் ஒரு எடத்துல தாங்கி நிக்கும், கடலுக்கு அதுதான் வேணும்.

பழைய கயாக்குன்னா ஸ்கெக் பொளவுல பொடிக்கல்லும் மணலும் அடைச்சிருக்கும், தகடு எறங்காது. மொதல்ல கவுத்துப் போட்டு, தகட்டை நோகாம வெளிய இழுத்துட்டு, தண்ணி அடிச்சு கழுவுங்க.