மீன் எண்ணெயும் கடற்பாசி உறையும்

கேள்வி: மீன் எண்ணெய் கலந்த பால்மா வாங்கினேன். மீன் வாடையே இல்லை! கடற்பாசிக்குள் பொதிந்திருப்பார்கள் என்கிறான் மகன். உண்மையா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: மகன் பாதி சரி. பால்மாவில் பால் புரதத்தாலும் உறை போடுவார்கள். பாசி உறையும் உண்டு. ஆனால் அது நீங்கள் நினைக்கும் கஞ்சிப்பாசி அல்ல. கொட்டியாரக் குடாவில் வளரும் அதிலிருந்து கிடைப்பது அகார் என்னும் கூழ்ப்பொருள், காய்ச்சினால்தான் கரையும். சூடு பட்டால் மீன் எண்ணெய் கெட்டுவிடுமே! உறைக்கு எடுப்பது பழுப்புப் பாசிகள் தரும் அல்ஜினேட் என்னும் இன்னொரு கூழ்ப்பொருளை. அதன் கரைசலில் எண்ணெயைக் கலந்து, கல்சியம் குளோரைட்டு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், சூடே இல்லாமல் ஒவ்வொரு சொட்டும் சவ்வரிசி போல உருண்டு இறுகிவிடும். ஓய்வுபெறும்வரை நான் ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டிய வித்தை இது. முதல் உருண்டை விழுந்ததும் வகுப்பே எட்டிப் பார்க்கும்.

உறைக்குள் எண்ணெயை ஒட்சிசன் எளிதில் தீண்டாது, வாடையும் அடங்கும். இரைப்பையின் அமிலத்தில் உருண்டை சுருங்கிக்கொள்ளும். அமிலம் தணிந்த சிறுகுடலில்தான் ஊதி உடைந்து, உள்ளிருப்பதை விடும். நன்மை செய்யும் பற்றீரியாக்களையும் இப்படியே அனுப்புகிறார்கள். விற்றமின் சி மட்டும் சங்கடம்: நீரில் கரைவதால் உறையின் நுண்துளைகள் வழியே நழுவிவிடும்.