மோலர் கர்ப்பத்தைக் கழுவி எடுத்த பிறகும் ஏன் இரத்தப் பரிசோதனை?

"கழுவி எடுத்தாயிற்று, இன்னும் ஏன் கிழமைக்குக் கிழமை இரத்தம் எடுக்கினம்? புற்றுநோயா?" என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. பெரும்பாலும் இல்லை. ஆனால் கிளினிக்கைத் தவறவிட வேண்டாம்.

முத்துப்பிள்ளை என்றும் சொல்லும் இந்தக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் குலை போல வீங்கி வளரும். எடுத்த பிறகும் மிஞ்சிய துளி மறுபடி வளரலாம்: முழு மோலில் (கரு உருவாகாதது) 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு, பகுதி மோலில் (கருவின் பகுதியும் சேர்ந்திருப்பது) 5 பேருக்கும் குறைவு. அதை முதலில் காட்டிக்கொடுப்பது பீட்டா எச்சிஜி எண்தான், அதாவது இந்தத் திசு சுரக்கும் கர்ப்ப ஹோர்மோனின் இரத்த அளவு. இறங்கிக்கொண்டே வந்தால் நல்லது. ஏறினாலோ, மூன்று கிழமை அசையாமல் நின்றாலோ சிகிச்சை தேவைப்படலாம், பெரும்பாலும் அந்தத் திசு வளர்வதை நிறுத்தும் மெதொட்ரெக்சேட் ஊசி. அபாயம் குறைந்த பிரிவில் கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள், கர்ப்பப்பையும் தப்பும்.

ஒரு கிழமை கொட்டாஞ்சேனை, மறு கிழமை வெள்ளவத்தை என்று லாப் மாற்றாதீர்கள். கருவி மாறினால் எண்ணும் மாறும், வீண் பயம். ஒரு கொப்பியில் திகதியையும் எண்ணையும் எழுதி வையுங்கள்.

டொக்டர் சொல்லும்வரை, பொதுவாக 6 மாதம், கர்ப்பம் வேண்டாம்; புதுக் கர்ப்பமும் அதே எண்ணை ஏற்றிக் குழப்பும். இடையில் இரத்தப்போக்கோ, இருமலில் இரத்தமோ வந்தால் அடுத்த திகதிக்குக் காத்திராமல் உடனே போங்கள்.