துண்டுத் துணியில் பொம்மை உடைகள்: மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மாட்டுங்கா): தையற்கடையில் ஒரு பை நிறைய வெட்டுத் துண்டுகள் கொடுத்தார்கள். பார்பி பொம்மைக்கு உடை தைக்க அவற்றுள் எவை உதவும்?

முதலில் துணியின் கனத்தைப் பாருங்கள்; நிறத்தைப் பிறகு பார்க்கலாம். பதினொன்றரை அங்குல பார்பி ஏறக்குறைய நம்மில் ஆறில் ஒரு பங்கு. உடையின் நீள அகலங்களை ஆறால் வகுத்துவிடலாம், துணியின் கனத்தை வகுக்க முடியாது. அதனால்தான் நம் உடம்பில் அழகாக விழும் கனத்த பட்டு, பொம்மையின் மேல் அட்டைபோல் விறைத்து நிற்கிறது. மல்மல், வாயில் (voile), கேம்ப்ரிக் போன்ற மெல்லிய பருத்தித் துணிகளையும், ரவிக்கைக்கு லைனிங் வைக்கும் மெல்லிய பருத்தியையும் எடுத்து வையுங்கள். பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டி, புதுத் துணியைவிட நன்றாகப் பணியும். பூ அச்சுகளும் பொடியாக இருக்கட்டும். கருஞ்சிவப்பு, கறுப்பு, கருநீலத் துண்டுகளை, நீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசிய பிறகே தைக்க வேண்டும். பொம்மையின் உடம்பில் ஒருமுறை ஏறிய சாயம் சோப்புக்கு எளிதில் போகாது.

கேள்வி (செம்பூர்): தையல் மெஷின், சிறு துண்டின் நுனியை ஊசி இறங்கும் துளைக்குள் இழுத்துக்கொள்கிறது.

துணிக்கு அடியில் பட்டர் பேப்பர் வைத்துச் சேர்த்துத் தையுங்கள், பிறகு காகிதத்தைக் கிழித்தெடுத்துவிடலாம். ஊசி 9 அல்லது 11 எண்ணாகவும், தையலின் நீளம் 1.5 முதல் 2 மில்லிமீட்டராகவும் இருக்கட்டும்.

கேள்வி (டோம்பிவிலி): கை வைத்த சட்டை தைத்தால் கைப்பகுதிக்குள் மெஷின் நுழைவதே இல்லை. கழுத்தோரமும் தடித்துவிடுகிறது.

பெரியவர்களின் உடைக்குரிய வரிசையில் இதைத் தைக்கக் கூடாது. தோள்களை இணைத்ததும், துணி தட்டையாகக் கிடக்கும்போதே கையின் ஓரத்தை மடித்துத் தைத்து, கையை அக்குள் வளைவோடு சேர்த்துவிடுங்கள். கையின் அடிப்பக்கத்தையும் இடுப்புப் பக்கத்தையும் கடைசியில் ஒரே ஓட்டமாகத் தைத்து முடிக்கலாம். முதுகுப்பக்கம் முழுவதும் திறந்திருந்து, சிறிய பிரஸ் பட்டன்களால் மூடப்பட்டால் குழந்தை தானே உடுத்தக் கற்றுக்கொள்ளும். கழுத்தை மடித்துத் தைக்கவே வேண்டாம்: அதே வடிவில் மெல்லிய லைனிங் வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு வைத்து, கழுத்தையும் முதுகோரங்களையும் தைத்து, வளைவுகளில் சிறு வெட்டுகள் கொடுத்துப் புரட்டுங்கள். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் உங்கள் தையலின் தோற்றமே மாறிவிடும்.

கேள்வி (முலுண்டு): அச்சிட்ட அளவுப்படி வெட்டியும் உடை சேரவில்லை.

2016 முதல் பார்பி உயரமான, குள்ளமான, சதைப்பிடிப்பான உடல்வாகுகளிலும் வருகிறது. பொம்மையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் காகித டேப் ஒட்டி, தையல் வர வேண்டிய இடங்களில் கோடு வரைந்து வெட்டி விரித்தால், உங்கள் பொம்மைக்கே உரிய அளவு கிடைக்கும். சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்து வெட்டுங்கள்.

கேள்வி (செம்பூர்): பேத்திக்கு இரண்டு வயது. மணிகள் வைத்துத் தைக்கலாமா?

கூடாது. மூன்று வயதுக்குள் மணி, பொத்தான், பிரஸ் பட்டன் எதுவும் வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நூல் வேலைப்பாடு போதும்.

கேள்வி (சயான்): கொலுவுக்கு மரப்பாச்சி ஜோடியைப் பழைய பட்டுப் புடவையில் அலங்கரிக்க வேண்டும். சரிகை பிரிந்துகொண்டே போகிறது.

வெட்டப்போகும் கோட்டின் இருபுறமும் நெருக்கமாக ஒவ்வொரு தையல் ஓட்டிவிட்டு, அவற்றுக்கு நடுவே வெட்டுங்கள், சரிகை பிரியாது. பழம் பட்டு மடிப்பு விழுந்த இடங்களில்தான் முதலில் இற்றுப்போகும் என்பதால் அந்தக் கோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். அகலக் கரை பொம்மையின் பாதி உயரத்தை விழுங்கிவிடும், ஆகவே கரையில் ஒரு கோடு மட்டும் எடுத்தால் போதும். புடவையை ஒரே துண்டாகச் சுற்றினால் இடுப்பு பருத்துவிடும். மூன்று அல்லது நான்கு கொசுவங்களை ஒரு நாடாவில் தைத்துப் பின்னால் முடிச்சிட்டு, முந்தானையைத் தனித் துண்டாக இணையுங்கள். ராஜாவின் பஞ்சகச்சத்துக்கு, ஒடுங்கிய கரையுள்ள பழைய அங்கவஸ்திரத்தைவிடப் பொருத்தமான துணி இல்லை. மரப்பாச்சிக்கு எண்ணெய் தடவியிருந்தால் நன்றாகத் துடைத்து, பட்டுக்கு அடியில் மல்மல் உள்ளாடை ஒன்று சுற்றுங்கள். பசையைக் கொண்டு எதையும் மரத்தில் ஒட்ட வேண்டாம், அடுத்த ஆண்டு உடை மாற்ற வேண்டியிருக்கும்.