வால்வு இல்லாத ஹார்ன், பரோக் கான்செர்ட்டோ: கேள்வி பதில்

கேள்வி: பரோக் ஹார்ன் கான்செர்ட்டோ (ஹார்ன் என்ற பித்தளைக் குழல், ஆர்கெஸ்ட்ராவோடு தனித்து வாசிக்கும் படைப்பு) எதைக் கேட்டாலும் உச்சியிலேயே வாசிக்கிறார்களே, ஏன் சார்?

பதில்: பரோக் காலத்து (சுமார் 1600–1750) ஹார்னில் வால்வு, அதாவது குழாயின் நீளத்தை விரலால் மாற்றும் பொறி, கிடையாது. அது 1810-களில்தான் வந்தது. எஃப் ஹார்ன் என்றால் சுமார் 3.7 மீட்டர், டி ஹார்ன் என்றால் சுமார் 4.4 மீட்டர் நீளமுள்ள ஒரே குழாய். சுரத்தை மாற்றுவது உதடும் மூச்சும் மட்டுமே. அந்தக் குழாய் ஹார்மோனிக் வரிசையை, அதாவது அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்ணுள்ள சுரங்களைத்தான் தரும். கீழே 2, 3, 4 எல்லாம் தள்ளித் தள்ளி நிற்கும். வேட்டை முழக்கத்துக்கு அது போதும். 8-வதைத் தாண்டினால்தான் சுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்து மெட்டு கிடைக்கும். அதனால் 8 முதல் 16 வரைதான் இந்த இசையின் குடியிருப்பு.

கேள்வி: அந்த வரிசையில் அபசுரமும் உண்டு என்கிறார்களே?

பதில்: முக்கியமாக மூன்று இடங்களில் உண்டு. குழாயின் அடிப்படைச் சுரத்தை ‘சி’ என்று வைத்துக்கொள்வோம். 7-வது ஹார்மோனிக் பி-ஃபிளாட்டுக்கு 31 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்வு. 11-வது, எஃப்புக்கும் எஃப்-ஷார்ப்புக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் நிற்கும். 13-வது, ‘ஏ’ சுரத்துக்கு 59 சென்ட் தாழ்வு. உதட்டால் கீழே இறக்குவது எளிது, மேலே ஏற்றுவது கடினம். ஆகவே 11-ஐ எஃப்பாக இறக்கிவிடலாம். 13-ஐ ‘ஏ’ வரை தூக்குவதில்தான் உயிர் போகும். இன்று விற்கும் பரோக் மாதிரி ஹார்ன்கள் பலவற்றில் விரலால் திறந்து மூடும் சிறு துளைகள் இருக்கும். அப்படி ஒரு துளை, சி-க்கு மேலுள்ள எஃப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு புது வரிசையைத் திறக்கிறது. அதன் 8-வதும் 10-வதும் சுத்தமான எஃப், ஏ. வசதிதான், ஆனால் அது 20-ம் நூற்றாண்டின் ஏற்பாடு. பாக் காலத்து ஹார்னில் அது இல்லை.

கேள்வி: கையை பெல்லுக்குள் (ஹார்னின் விரிந்த வாய்க்குள்) விட்டுச் சரிசெய்யக் கூடாதா?

பதில்: அந்த உத்தியை வளர்த்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஹார்ன் கலைஞர் ஹாம்பெல், காலம் 1750 வாக்கில். விவால்டி இறந்தது 1741-இல், அவர் காலத்துக்கு அது பிந்தியது. மொசார்ட்டின் ஹார்ன் கான்செர்ட்டோக்கள் நடு ஸ்தாயியில் பாடுவது கை உத்தி வந்த பிறகுதான்.

கேள்வி: என்னிடம் சாதாரண எஃப்/பி-ஃபிளாட் டபுள் ஹார்ன் (இரு குழாய்ப் பக்கங்கள் கொண்ட நவீன ஹார்ன்) இருக்கிறது. டெலிமானின் டி மேஜர் கான்செர்ட்டோவை எப்படி அணுகுவது?

பதில்: டெலிமான் படைப்புப் பட்டியலில் TWV 51:D8 தானே? தாளில் உள்ளது ‘ஹார்ன் இன் டி’. எஃப் ஹார்ன் வாசிப்பவர் மைனர் தேர்ட் (மூன்று அரைச் சுரம்) கீழே மாற்றிப் படிக்க வேண்டும். பியானோ துணையோடு வரும் பதிப்புகளில் எஃப்புக்கு மாற்றி எழுதிய தாளும் இருக்கலாம், வாங்கும்முன் பாருங்கள். குழு ‘ஏ’ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைக்கும் தாழ்ந்த பரோக் சுருதியில் வாசித்தால் இன்னும் அரைச் சுரம் இறங்கி, மேஜர் தேர்ட் (நான்கு அரைச் சுரம்) கீழே வந்துவிடும்.

கருவியில் மேல் பகுதியை பி-ஃபிளாட் பக்கத்திலேயே வாசியுங்கள். டி ஹார்னின் 16-வது ஹார்மோனிக்கில் பக்கத்துச் சுரங்கள் அரைச் சுர தூரத்தில் நெருக்கியடித்து நிற்கும். உதடு கொஞ்சம் பிசகினாலும் தவறியதில் போய் விழும். அதே சுரம் பி-ஃபிளாட் பக்கத்தில் 10-வது. இடைவெளி அகலம், ஆனால் இயல்பாகவே 14 சென்ட் தாழ்வு, டியூனரோடு பழகுங்கள். ஹை எஃப் பக்கமுள்ள டெஸ்கன்ட் ஹார்ன் (உயர்ந்த சுரங்களுக்கான குறுகிய குழாய் கொண்டது) இருந்தால் இலக்கு இன்னும் எளிது. குறை என்னவென்றால், அங்கே ஹார்மோனிக்குகள் தள்ளி நிற்பதால் உதட்டு டிரில் (பக்கத்துச் சுரங்களை உதட்டால் வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) எளிதில் வராது. வால்வில் செய்தால் சத்தம் சற்றே இயந்திரத்தனமாக இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

பயிற்சிக்கு: முழு அசைவையும் (கான்செர்ட்டோவின் ஒரு பகுதி) ஒரு ஸ்தாயி கீழே வாசித்து, மூச்சு எடுக்கும் இடங்களை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு மேலே, நான்கு நான்கு பார்களாக (தாளக் கட்டங்களாக). வாசித்த நேரம் அளவுக்கு ஓய்வு. மவுத்பீஸை உதட்டில் அழுத்தி எட்டும் சுரம் பத்து நிமிடத்தில் கைவிடும்.

கேள்வி: அண்ணா, பிராண்டன்பர்க் முதல் கான்செர்ட்டோவில் எங்கே சறுக்குவார்கள்?

பதில்: பாக் 1721 மார்ச் 24 தேதியிட்டு அர்ப்பணித்த தொகுப்பின் முதல் படைப்பு அது. இரண்டு ஹார்ன், எஃப்பில். தொடக்கத்தில் ஹார்ன்களின் மும்மைத் தாளம் (அடிக்கு மூன்று சுரம்) மற்றவர்களின் பதினாறாம் சுரங்களோடு (அடிக்கு நான்கு சுரம்) மோதும். அந்த மோதலே அதன் அழகு. மற்றவர்களுக்கு ஏற்ப மும்மையை வளைப்பவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

இரண்டாம் அசைவில் ஹார்ன் முழுக்க மௌனம். குழாய் குளிர்ந்து சுருதி இறங்கும், அடுத்த அசைவு சட்டென்று வேகத்தில் தொடங்கும். எனவே அந்த இடைவெளியில் சத்தமில்லாமல் சூடான மூச்சை ஊதிக்கொண்டே இருங்கள், தண்ணீரை இறக்கிவிடுங்கள். கடைசியில் மினுவெட் என்ற நடன இசை, இடையிடையே வேறு பகுதிகளோடு, நான்கு முறை வரும். முதல் டிரியோவும் பொலோனேஸும் ஹார்னுக்கு ஓய்வு. இரண்டாம் டிரியோவில் இரு ஹார்ன்களும் ஓபோக்களும் மட்டும், மறைய இடமே இல்லை. மினுவெட்டுகளில் வலுவைச் செலவழிக்காமல் அதற்கு மிச்சம் வையுங்கள்.

கேள்வி: லுட்விக் குட்லர் வாசிப்பது ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

பதில்: ஜெர்மன் டிரம்பெட் கலைஞரான அவருடைய ‘கார்னோ டா காச்சா’ (வேட்டை ஹார்ன்) வால்வு வைத்த சிறிய நவீனக் கருவி. பெயர் பழசு, கருவி புதுசு.

கேள்வி: டெலிமானுக்கு அடுத்து எதை எடுக்கலாம்?

பதில்: ஜோடி கிடைத்தால் விவால்டியின் இரு ஹார்ன் கான்செர்ட்டோக்கள், பட்டியல் எண் RV 538, RV 539. 538-இன் மெதுவான அசைவைச் செல்லோ பார்த்துக்கொள்ளும், உதட்டுக்கு நல்லது. தனியாக என்றால் கிறிஸ்டோஃப் ஃபோர்ஸ்டரின் ஈ-ஃபிளாட் கான்செர்ட்டோ. அதற்கும் மேலே போக ஆசையிருந்தால், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள வென்ஸ்டர் தொகுப்பைத் தேடுங்கள். அதில் டிரெஸ்டன் அரசவை ஹார்ன் கலைஞர் க்னெக்டலின் கான்செர்ட்டோ இருக்கிறது. டெஸ்கன்ட் ஹார்ன் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.